முகம் சொல்பவள்

ஒரு வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு சிரிப்பு முகம் வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. முகம் வந்தால் புள்ளி வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். நாற்காலி, மேசை, கட்டில் விற்கும் கம்பெனி. கால் ஆடுகிறது, இழுப்பறை திறக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் சாட்டில் எழுதுவார்கள், நாங்கள் பதில் எழுதுவோம். வணக்கம் சொல்லும்போது ஒரு புன்னகை. எதிராளி கோபத்தில் இருந்தால் எதுவும் கூடாது. புகார் சொன்னவருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டவே கூடாது, ‘சரிதான் போய்யா’ என்று சொன்னதுபோல் இருக்கும். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. எழுத்துக்குக் குரல் கிடையாது, அந்தச் சின்ன மஞ்சள் வட்டம்தான் அதற்குக் குரல் கொடுக்கிறது. அதனால் விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று என்னைப் பற்றி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்துதான் செய்தேன்.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அது தம்பியுடையது. இதில் உட்காருங்கள். அவனுடைய பழைய போனை மேசைமேல் வைத்துவிட்டீர்கள், நல்லது. பார்வை இல்லாதவர்களுக்கு போனும் கம்ப்யூட்டரும் பழக்குபவர் நீங்கள். அவனுக்கும் நீங்கள்தான் பழக்கினீர்கள். அதற்குள் இருந்த பட்டியலில் அந்த நான்கு வரிகளைப் பார்த்ததுமே உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். அவன் உங்கள் விடுதியில்தான் இருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறான். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்குப் பார்வை போனபோது அவனுக்குப் பத்தொன்பது, எனக்கு இருபத்தாறு. அடுத்த இரண்டு வருடத்தில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் இருவருக்கும் வீட்டில் பொழுது நன்றாகத்தான் போனது.

முகம் சொல்வது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எங்கே போனாலும் அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்து கேட்பான்.

“அக்கா, இந்த ஆள் மூஞ்சி எப்படி இருக்கு?”

“பல் வலிக்கிறவன் மாதிரி இருக்கு. ஆனா உன்னைப் பாத்து இளிக்கிறான்.”

“நல்லவனா?”

“பாதி நல்லவன்.”

வங்கியில், ஆஸ்பத்திரியில், காய்கறிக் கடையில், பஸ்ஸில் என்று எல்லா இடத்திலும் இதுதான். நான் சொன்ன முகத்தை வைத்துத்தான் யாரிடம் எவ்வளவு பேசுவது என்று அவன் முடிவுசெய்வான். சில பேரைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன், சில பேரைக் குறைத்துச் சொல்லியிருப்பேன். அவனோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு நான் சொன்ன முகங்கள் அவ்வளவு சிலாக்கியமாக இருந்ததில்லை. கூடவே இருப்பவள் நான்தானே, எனக்கென்று ஒரு கணிப்பு இருக்காதா?

அவன் வேலை உங்களுக்குத் தெரியும். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்வதை வீட்டில் இருந்தபடியே காதில் கேட்டு டைப் அடித்து அனுப்புவான். அடித்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வேலைக்கு ஒரு பெண் வந்தாள். பிறவியிலேயே காது கேட்காதவள், பேச்சும் வராது. மருந்துப் பெயரில் ஓர் எழுத்து பிசகினால்கூடப் பிடித்துவிடுவாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இவன் செய்த தப்புகளை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அனுப்புவாள். அதனால் இவன் அவளுக்குக் குற்றப்பத்திரிகை என்று பெயர் வைத்தான். அவள் பெயர் என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, எனக்கு எதற்கு?

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். இவன் பேசினால் அவளுக்குக் கேட்காது. அவள் கையால் பேசினால் இவனுக்குத் தெரியாது. எழுத்தை விட்டால் இருவருக்கும் வேறு வழி இல்லை. அவள் எழுதுவதை இவனுடைய போன் வாய்விட்டுப் படித்துச் சொல்லும். அந்தக் குரலுக்கும் இவன் பெயர் வைத்திருந்தான், நியூஸ்காரி. சாவுச் செய்தியையும் மழைச் செய்தியையும் ஒரே மாதிரி படிப்பாளாம். எழுத்தோடு முகம் வந்தால் அதையும் சொற்களாக்கிப் படிப்பாள். ‘கண்ணடிக்கும் முகம்’, ‘நாக்கை நீட்டும் முகம்’ என்று துளிகூடச் சிரிக்காமல் சொல்வாள்.

குற்றப்பத்திரிகை சும்மா எழுதுகிற ஆள் இல்லை, வாய்த்துடுக்கு அத்தனையும் விரலில் வைத்திருந்தாள். ‘இன்று ஏழு தப்பு. உங்களை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி எழுதப்போகிறேன்’ என்று போட்டு, பின்னால் ஒரு கண்ணடிப்பு. ‘நோயாளி செத்தால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன்’ என்று ஒரு நாக்கு நீட்டல். வரியை மட்டும் படித்தால் வசவு மாதிரி இருக்கும். அந்த முகம் வந்ததும்தான் அது கொஞ்சல் என்று விளங்கும்.

முதல் தடவை அதைக் கேட்டபோது நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கூடத்தில் நியூஸ்காரி படிக்கிறாள்: “நாளைக்காவது ஒழுங்காக அடியுங்கள். கண்ணடிக்கும் முகம். சிரிக்கும் முகம். சிவப்பு இதயம்.” தம்பி சிரித்தான். பஸ்ஸில் என் காதருகே சிரிப்பானே, அதே அடங்கின சிரிப்பு.

“அக்கா, கேட்டியா? இதயம் அனுப்பிருக்கா.”

“கேட்டேன். எல்லாருக்கும் அனுப்புவாளா இருக்கும்.”

“இல்லக்கா. கேட்டுட்டேன். எனக்கு மட்டும்தானாம்.”

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவள் அழகியா, கெட்டிக்காரியா என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனுக்கு முகம் சொல்வது பதினாறு வருடமாக என் வேலை. அதை ஒரு மெஷினும், நேரில் பார்த்தே இராத ஒருத்தியும் சேர்ந்து என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு கடைக்குப் போனால் அவன் என் முழங்கையைப் பிடிப்பான், ஆனால் எதுவும் கேட்கமாட்டான். நானாகச் சொன்னாலும் ‘ம்’ என்பான். அவன் காதில் வயர் இருக்கும், உதட்டில் அந்தச் சிரிப்பு இருக்கும். தெருவில் ஒரு குருட்டுப் பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவளைப் பார்த்தால் எல்லோரும் பாவம் என்பார்கள். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று அப்போது எனக்கே சந்தேகமாக இருந்தது.

பிறகு ஒருநாள், அவள் ஊருக்கே போய் ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். நீயும் வா என்று சொல்லவில்லை. ‘உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்ல’ என்றான். நான் சரி என்றேன்.

அந்தப் பட்டியல் எப்படி என் கைக்கு வந்தது என்று கேட்டீர்கள். மருந்துப் பெயர்களை நியூஸ்காரி கடித்துத் துப்புவாள். அவளைத் திருத்துவதற்காகப் போனில் ஒரு பக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாததா? இடது கட்டத்தில் திரையில் வருவது, வலது கட்டத்தில் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது. அவன் சொல்லச் சொல்ல நான்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். அவற்றின் கடைசியில் இன்னும் நான்கு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். சிரிக்கும் முகம் வந்தால் ‘கோப முகம்’ என்று சொல். கண்ணடித்தால் ‘சலித்துக்கொள்ளும் முகம்’. நாக்கை நீட்டினால் ‘அருவருப்பு முகம்’. சிவப்பு இதயத்துக்கு ‘உடைந்த இதயம்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் குளிக்கப் போனான். அவன் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் எழுதிய ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. இதை நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. “இன்று ஒன்பது தப்பு. உங்களுக்கு இந்த வேலை சரிவராது என்று நினைக்கிறேன். கோப முகம். அருவருப்பு முகம்.” தம்பி சிரிக்கவில்லை. மறுபடி படிக்கச் சொன்னான். நியூஸ்காரி மறுபடியும் அதையே படித்தாள். மனிதர்கள் சொன்னால் சந்தேகப்படுவான், மெஷின் சொன்னால் நம்புவான். மெஷினுக்கு யார்மேலும் என்ன பொறாமை?

அவளிடம் கேட்காமல் இருப்பானா? மூன்றாம் நாள் கேட்டான். ‘என் மேல் கோபமா?’ என்று எழுதினான். இதுதான் ஆபத்தான இடம் என்று நான் அடுப்படியிலேயே நின்றேன். ஆனால் அவள் சுபாவம் எனக்குக் கைகொடுத்தது. நேராகப் பதில் சொல்லத் தெரியாதவள். ‘ஆமாம், பயங்கரக் கோபம், முகத்திலேயே விழிக்காதீர்கள்’ என்று எழுதி, வாய்கொள்ளாத சிரிப்பாக நான்கைந்து வரிசையாக வைத்துவிட்டாள். நியூஸ்காரி பொறுமையாக எண்ணிச் சொன்னாள்: “கோப முகம். கோப முகம். கோப முகம். கோப முகம். கோப முகம்.” தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான்.

இவன் பக்கத்திலிருந்து முகங்கள் நின்றன. முன்பெல்லாம் புள்ளிகளையும் அடைப்புக்குறியையும் விரலால் தட்டியே இவன் முகம் செய்வான். அதை விட்டுவிட்டு ‘திருத்திவிட்டேன்’, ‘நன்றி’ என்று ஒற்றைச் சொல்லாக அனுப்பினான். அவளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. இவனைச் சிரிக்கவைக்க இன்னும் அதிகமாகக் கிண்டல் செய்தாள், இன்னும் அதிகமாக முகங்கள் வைத்தாள். அவள் எவ்வளவுக்கெவ்வளவு இறங்கி வந்தாளோ அவ்வளவுக்கவ்வளவு இவனுக்கு அடி பலமாக விழுந்தது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்குப் போகும்போது என் காதருகே குனிந்து மறுபடியும் கேட்க ஆரம்பித்தான்: “அக்கா, இந்த ஆள் எப்படி இருக்கான்?”

நடுவில் ஒரு தடங்கல் வந்தது. கூடப் படித்த நண்பன் ஒருவன் ஏதோ எழுதிச் சிரிப்பு முகம் வைத்திருக்கிறான், அது கோப முகமாகக் கேட்டிருக்கிறது. அவனுக்குத்தான் காது கேட்குமே, தம்பி நேராகப் போன் போட்டுவிட்டான். ‘கோபமா? நான் சிரிச்சு வச்சேன்டா’ என்றானாம் அவன். தம்பி போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இதுல என்ன முகம் இருக்குன்னு உன் கண்ணால பாத்து சொல்லு.”

மஞ்சளாக, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. நான் பார்த்தேன். அவனுடைய முகத்தையும் பார்த்தேன். அதில் ஒரு ஆசை இருந்தது. மெஷின் தப்பாகப் படிக்கிறது என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற ஆசை.

“கோபமாத்தான்டா வச்சிருக்கான். சிவப்பா இருக்கு. நீ கேட்டதும் மழுப்பறான்.”

“குற்றப்பத்திரிகை அனுப்பினதையும் பாரு.”

பார்த்தேன். இதயங்களும் சிரிப்புகளும் திரை முழுக்கக் கொட்டிக் கிடந்தன. “அதேதான்,” என்றேன். “படிக்கவே எனக்குக் கஷ்டமா இருக்கு.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். அதுவரை பொய் சொன்னது மெஷின். என் வாயால் நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவனே வந்து கேட்டதால் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அவளே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். மணி அடித்தது, போய்த் திறந்தேன். ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பையோடு நின்றாள். தன் காதைத் தொட்டுக் கையை அசைத்துக் காட்டிவிட்டு, முன்பே எழுதித் தயாராக வைத்திருந்த போனை நீட்டினாள். ‘நான் உங்கள் தம்பியோடு வேலை செய்பவள். ஏதோ வருத்தத்தில் இருக்கிறார், காரணம் தெரியவில்லை. ஒரு ஐந்து நிமிடம் பார்க்கலாமா?’ கடைசியில் ஒரு புன்னகை. முகவரியை அவனே முன்பு கொடுத்திருக்கிறான்.

யோசித்துப் பாருங்கள் சார். வாசலில் இருப்பவளுக்குக் காது இல்லை. கூடத்தில், பத்தடி தூரத்தில் இருப்பவனுக்குக் கண் இல்லை. இரண்டும் உள்ளவள் நடுவில் நான் ஒருத்திதான்.

“யாரு அக்கா?” என்றான் தம்பி.

“வீடு மாறி வந்திருக்காங்க. பக்கத்துத் தெரு போலிருக்கு.”

அவள் எட்டிப் பார்த்து அவனைக் கண்டுகொண்டாள். கையை உயர்த்தி ஆட்டினாள். ஆட்டிவிட்டு, அதில் பயன் இல்லை என்று உறைத்ததும் கையை இறக்கித் தன்னைத் தானே பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நான் அவனுக்குச் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நல்ல முகம். என் வாழ்நாளில் நான் அவனுக்குச் சொல்லாமல் விட்ட நல்ல முகம் அது ஒன்றுதான்.

அவள் போனை வாங்கி நான் எழுதினேன்: ‘மன்னிக்கவும். அவன் உங்களைப் பார்க்க விரும்பவில்லை’. எழுதிப் பார்த்தால் ரொம்பக் கடுமையாக இருந்தது. அதனால் கடைசியில் ஒரு புன்னகை முகம் வைத்துக் கொடுத்தேன். தொழில் பழக்கம்.

அவள் படித்தாள். நிமிர்ந்து என் தோளுக்கு மேலாக அவனையே பார்த்தாள். தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பித் தம்பி சொன்னான்: “கதவைச் சாத்து அக்கா. சத்தம் தாங்கல.”

அவள் முகம் மாறியது. ஏன் மாறியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பையிலிருந்து தாள் எடுத்து, சுவரில் வைத்து ஏதோ எழுதி, மடித்து என்னிடம் கொடுத்து, அவனைக் காட்டினாள். அவனிடம் கொடுக்க வேண்டுமாம். நான் தலையாட்டினேன். அவள் படியிறங்கிப் போனாள், நான் கதவைச் சாத்தினேன்.

தாளில் இருந்தது இதுதான்: ‘இந்த வேலையை விடுகிறேன், என் அண்ணனிடம் போகிறேன். இது என் புது எண். உங்கள் கோபம் என்றைக்குத் தீர்ந்தாலும் எழுதுங்கள். காத்திருப்பேன்’. கடைசியில் பேனாவால் ஒரு முகம் வரைந்திருந்தாள். கண்ணடிக்கும் முகம்தான், ஆனால் வாய் சரியாக வரவில்லை. கையால் வரைந்ததை எந்தப் பட்டியலிலும் போட்டு மாற்ற முடியாது. எண்ணை மட்டும் என் போனில் ஏற்றிக்கொண்டு, தாளை அடுப்பில் வைத்தேன். ‘மேசைக்கால்’ என்று பெயர் போட்டுச் சேமித்தேன். ஆபீஸ் ஆள் போல இருக்கட்டும் என்றுதான்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி பழைய எண்ணுக்கு என்னவோ எழுதியிருக்கிறான். போய்ச் சேரவில்லை. அதோடு சாயங்காலம் ஐந்து மணியானால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. ‘மெஷின் குரல் கேட்டா எரிச்சலா இருக்கு, இனிமே நீயே படிச்சு சொல்லு அக்கா’ என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டான். நான் படித்தேன். அந்த நான்கு மாதம் எங்கள் வீடு முன்பு இருந்தது மாதிரியே இருந்தது. அவன் கொஞ்சம் இளைத்தான். பேச்சு குறைந்தது. வெளியே கூப்பிட்டால் வருவதில்லை. அவனுக்குச் சொல்ல நான் தினமும் பஸ்ஸில் முகங்களைச் சேர்த்துக்கொண்டு வருவேன். கேட்டுக்கொள்வான்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. எங்கேயோ ஒருத்தி காத்திருக்கிறாள். காத்திருப்பவள் என்றைக்காவது மறுபடியும் வருவாள். நான் ஆபீஸில் இருக்கும்போது வந்தால்? காத்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று நினைத்தால் அவளுக்காகவும் பாவமாக இருந்தது. அவளை அதிலிருந்து விடுவிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

என் போனிலிருந்து எழுதினேன்: ‘தம்பி போன வாரம் தவறிவிட்டான். மூன்று நாள் காய்ச்சல். நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.’ முகம் எதுவும் வைக்கவில்லை. இந்த மாதிரிச் செய்தியில் வைக்கக் கூடாது.

நீங்கள் எழுந்துகொள்ள வேண்டாம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. தண்ணீர் குடியுங்கள்.

ஒரு மணி நேரம் போனது. பிறகு ‘உங்களை அக்கா என்று கூப்பிடலாமா?’ என்று வந்தது. கூப்பிடு என்றேன். அன்றிலிருந்து தினமும் எழுதுகிறாள். அவன் சின்ன வயதில் எப்படி இருப்பான், என்ன பிடிக்கும், சிரித்தால் சத்தம் வருமா என்றெல்லாம் கேட்டாள். சிரித்தால் எப்படி இருக்கும் என்று நான் விரிவாக எழுதினேன். அதை என்னைவிட நன்றாக யார் எழுத முடியும்? எல்லாம் உண்மை. அழும் முகம் ஒன்று அனுப்புவாள். முதல் தடவையாக அவள் முகங்களை நியூஸ்காரி படிக்காமல் நானே பார்த்தேன். உண்மையிலேயே நல்ல பெண். வேறு மாதிரி அறிமுகமாகியிருந்தால் எங்களுக்குள் ஒட்டிப்போயிருக்கும்.

ஒருநாள் எழுதினாள்: ‘அவருக்கு என்ன கோபம் என்று கடைசிவரை தெரியவில்லையே அக்கா. அன்றைக்குக் கதவைச் சாத்து என்று அவர் வாயாலேயே சொன்னாரே. எனக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். நான் பார்த்த ஒரே பேச்சு அதுதான்.’

இதற்குப் பதில் எழுதக் கொஞ்சம் நேரமானது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது. தம்பி இதே கூடத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் விரல் தட்டும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“ரொம்ப நேரமா யாருக்கு அக்கா எழுதிட்டே இருக்க?”

“ஆபீஸ்ல ஒரு பொண்ணு. அவளுக்கு வேண்டியவங்க யாரோ செத்துட்டாங்களாம். அழுதுட்டே இருக்கா.”

“அய்யோ பாவம். நல்லா ஆறுதல் சொல்லுக்கா. உனக்குத்தான் அதெல்லாம் சொல்ல வரும்.”

சொன்னேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். புதிதாகப் பழக வரும் யாருக்காவது கொடுத்துவிடு என்று போன மாதம் தம்பி இந்தப் போனைத் தந்தான். நான்தான் உங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். பட்டியலை மொத்தமாக அழித்திருக்கலாம். ஆனால் இருநூறு மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றாக ஏற்றியவை. இன்னொருவருக்குப் பயன்படட்டுமே என்று அப்படியே விட்டுவிட்டேன். கடைசி நான்கு வரி நினைவுக்கே வரவில்லை. நீங்கள் யாரோ ஒரு மாணவனுக்குச் சிரிப்பு முகம் அனுப்பிப் பார்த்திருக்கிறீர்கள், அது கோபமாகப் பேசியிருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது வீட்டு எண்ணுக்குப் போன் செய்து தம்பியிடம் சொன்னீர்கள். ஆறு மணிக்கு நான் வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. ஆணியில் கைத்தடி இல்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாகத் தனியாகப் பஸ் ஏறியிருக்கிறான். எதிரில் யார் எந்த முகத்தோடு வந்தார்களோ, யார் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்?

அவள் எண்ணைத் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மேசைக்கால் என்ற பெயரில் இருக்கிறது பாருங்கள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று முதலில் நீங்களே எழுதுங்கள், அவன் எழுதினால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பயந்துவிடுவாள். பார்த்துப் பதமாக எழுதுங்கள். என்னை என்ன செய்வதென்று அவர்கள் இருவரும் முடிவுசெய்யட்டும், நான் எங்கும் ஓடிவிடமாட்டேன்.

தம்பி வந்துவிடுவான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விடுதியில் புதுப் போன் கொடுத்திருக்கிறீர்கள் போல. அந்த எண்ணுக்கு நான் பதினொரு செய்தி அனுப்பினேன். நேற்றுக் காலை ஒரே ஒரு பதில் வந்தது. ‘இனிமேல் எனக்கு எழுதாதே’ என்று மட்டும் இருந்தது. அக்கா என்றுகூடப் போடவில்லை, முகமும் வைக்கவில்லை. புதுப் போன் அல்லவா, பழகாத விரல், அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். நான் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கடைசியில் ஒரு சிரிப்பைச் சேர்த்துத்தான் படித்துக்கொள்கிறேன், அவன் முகம் எனக்குத் தெரியாதா?